உதகையில் எழுதப்பெற்ற ஆட்டம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லைக்குச் சற்று இப்பால், ஹெப்பகோடி என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரில் கடைமாடி ஒன்றில் பச்சைத் துணி போர்த்த மேசைகள் சில உள்ளன. மாலையில் வேலை முடிந்த இளைஞர் அவற்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஸ்நூக்கர் ஆடுகின்றனர். என் அண்டைவீட்டு மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தான். "மாமா, இந்த ஆட்டத்தின் விதிகளைத் தமிழில் எழுதித் தாருங்கள், இது சூதாட்டம் என்று அப்பா என்னைப் போகவிட மாட்டேன் என்கிறார்" என்றான். மொழிபெயர்ப்பே என் தொழிலாகையால் எளிதில் இசைந்தேன். எழுதப் புகுந்த பிறகே, அவன் தந்தையின் ஐயம் முற்றும் அடிப்படையற்றது அன்று என்பதை அறிந்தேன்.

இன்று உலகெங்கும் ஆடப்பெறும் ஸ்நூக்கர், இங்கிலாந்தில் தோன்றி இந்தியாவுக்கு வந்ததன்று. இந்தியாவில் தோன்றி இங்கிலாந்துக்குச் சென்றது. 1875-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஜபல்பூர்ப் படைவிடுதியில் பொழுது போகாது முடங்கிக் கிடந்த ஆங்கில அதிகாரிகள், பில்லியர்ட்ஸ் மேசையில் பலவகைப் பணய ஆட்டங்களை ஆடி வந்தனர். ஒன்றில் பதினைந்து செம்பந்துகளை முக்கோணமாக அடுக்குவர். பந்து ஒன்றைப் பைக்குள் வீழ்த்துபவனுக்கு அதற்கு இவ்வளவு என்று காசு. இன்னொன்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப்பந்து; அது வீழ்ந்தால் உடையவன் தண்டம் செலுத்த வேண்டும். அந்த இரண்டாவது ஆட்டத்திலேயே கரும்பந்து ஒன்றைக் கூடுதலாக வைத்து ஆடும் வகையும் இருந்தது. கரும்பந்தை வீழ்த்துபவனுக்கு எல்லோரும் அளக்க வேண்டும். இவ்வகை ஆட்டங்களின் ஆங்கிலப் பெயருக்கே, அனைவரும் கூட்டிவைக்கும் பணயம் என்பதுதான் பொருள்.

டெவன்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த நெவில் சேம்பர்லேன் என்னும் பத்தொன்பது வயது இளைஞர், கரும்பந்தோடு இன்னும் ஒரு நிறப்பந்தையும் சேர்த்தால் ஆட்டம் சுவைக்குமே என்று எண்ணினார். (பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு, இவர் வேறு.) சேர்த்துப் பார்த்தனர், சுவைத்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற நிறங்களும் சேர்ந்தன. செம்பந்து முக்கோணத்தை ஓர் ஆட்டத்திலிருந்தும் நிறப்பந்துகளை மற்றோர் ஆட்டத்திலிருந்தும் எடுத்துக் கூட்டிய கலவை இது.

பெயர் வந்த கதை என்போன்ற மொழிபெயர்ப்பாளனுக்குச் சோதனை. உல்விச்சு நகரத்துப் படைப்பள்ளியில் முதலாண்டு மாணவரை 'ஸ்நூக்கர்' என்று ஏளனமாக அழைப்பதுண்டு என, விருந்துக்கு வந்த பீரங்கிப்படை அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். எளிய பந்தொன்றைத் தவறவிட்ட தோழரைச் சேம்பர்லேன் அப்பெயரிட்டு அழைத்தார். அவர் மனம் நோகாதிருக்க, இந்த ஆட்டத்தில் நாம் அனைவருமே ஸ்நூக்கர்தாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல்லே ஆட்டத்தின் பெயராயிற்று. தமிழில் இதற்குக் 'கற்றுக்குட்டி' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உலகப் பட்டம் வென்ற ஒருவரைக் 'கற்றுக்குட்டி ஆட்டத்தில் வல்லவர்' என்று எழுத என் கை வரவில்லை. ஸ்நூக்கர் என்றே விட்டுவிட்டேன்.

ஜபல்பூரில் பிறந்த ஆட்டத்துக்கு எழுத்துரு கிடைத்தது நம் நீலகிரியில். சேம்பர்லேன் ஆப்கன் போரில் காயமுற்று, பின்னர் 1881-இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதியான சர் பிரெடரிக் ராபர்ட்சின் பணிக்குழுவில் சேர்ந்தார். கோடைதோறும் சென்னை அரசாங்கமே உதகமண்டலத்துக்கு மலையேறிவிடும் காலம் அது. அங்கே உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் இந்த ஆட்டம் பெருவிருப்புக்கு உரியதாயிற்று. 1882-இல் அதன் விதிகளை முறைப்பட எழுதி அவ்வறைச் சுவரில் தொங்கவிட்டனர். என் கருத்தில் ஆட்டத்தின் உண்மையான பிறப்பு அந்தத் தாளில்தான் நிகழ்ந்தது. வாய்வழியாகப் பரவிய விளையாட்டு ஊருக்கொரு முறையாகச் சிதறும். எழுதித் தொங்கவிட்டதற்கோ, வழக்கு நேர்ந்தால் சுட்டிக்காட்ட ஓர் இடம் உண்டு.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்வேன். இன்றைய மேசை ஏறத்தாழப் பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ளது; ஆறு பைகள். வெள்ளைப் பந்தை மட்டுமே கோலால் அடிக்கலாம். செம்பந்து பதினைந்து, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கருப்புக்கு 7. முதலில் ஒரு செம்பந்தை வீழ்த்தினால், அடுத்து ஒரு நிறப்பந்தை வீழ்த்த முயலலாம். வீழ்ந்த செம்பந்து மீளாது. நிறப்பந்தை எடுத்து மீண்டும் அதன் இடத்தில் வைப்பர். செம்பந்துகள் தீர்ந்தபின், மஞ்சள் தொடங்கிக் கருப்பு ஈறாக வரிசைப்படி வீழ்த்த வேண்டும். ஒவ்வொரு செம்பந்துக்குப் பின்னும் கருப்பையே வீழ்த்துபவன், பதினைந்து முறை எட்டு என 120-ம், இறுதி நிறங்களுக்கு 27-ம் பெற்று, ஒரே தொடரில் 147 புள்ளி எடுக்கலாம். தவறு செய்தால் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி சேரும். அடிக்க வேண்டிய பந்துக்கு நேர்வழி இல்லாதபடி வெள்ளைப் பந்தை மற்றொன்றன் பின்னே மறைத்து நிறுத்துவதற்கும் ஸ்நூக்கர் என்றே பெயர். எதிராளியைக் கற்றுக்குட்டி ஆக்கிவிடுகிறோம் அல்லவா!

பந்துக்கு ஒரு காசு என்றிருந்த இடத்தில் பந்துக்கு ஓர் எண் வந்தது. பணயமின்றியும் ஆடத்தக்க ஆட்டமாக இது நின்றது இதனாலேயே என்பேன்.

கடல் கடந்த கதையில் நான் நெடுநேரம் நிற்கப் போவதில்லை. 1885-இல் கல்கத்தாவுக்கு வந்த ஆங்கில பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ், கூச்பிகார் மகாராஜாவின் விருந்தில் இருந்த சேம்பர்லேனைத் தேடிச் சென்று விதிகளைக் கேட்டறிந்தார். 1900-இல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சங்கம் விதிகளை ஏற்றது. உலகத் தொழில்முறைப் பட்டப்போட்டி 1927-இல் தொடங்கியது.

இவ்வளவுக்கும், 1938-இல் ஆட்டம் உல்விச்சில் தோன்றியது என்று இதழொன்றில் செய்தி வந்தது. அப்போது எண்பத்திரண்டு வயதினரான சேம்பர்லேன் 'தி ஃபீல்ட்' இதழுக்குக் கடிதம் எழுதித் தம் உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. முதிய படைத்தலைவர் சிலர் அவருக்குச் சான்று நின்றனர். அறுபத்து மூன்று ஆண்டுக்கு முந்தைய மழைநாள் நிகழ்ச்சிக்கு நம்மிடம் உள்ள ஆதாரம் பெரும்பாலும் ஒரு முதியவரின் நினைவுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் 1944-இல் காலமானார்.

இந்தக் கதையில் வரும் பெயர்கள் எல்லாம் ஆங்கிலப் பெயர்களாகவும் ஒரு மகாராஜாவின் பட்டமாகவும் இருப்பது நேயர்களுக்கு உறுத்தலாம். எனக்கும் உறுத்தியது. அந்த அறைகளில் நின்று புள்ளி குறித்தும், கோல் எடுத்துக் கொடுத்தும், பந்தை மீண்டும் இடத்தில் வைத்தும் பணிபுரிந்த இந்தியரை 'மார்க்கர்' என்பர். விதிகளை அவர்களைவிட நன்கறிந்தவர் எவர் இருந்திருக்க முடியும்? சுவரில் தொங்கிய தாளில் அவர்கள் பெயருக்கு இடமில்லை.

பின்னாளில் நிலைமை மாறிற்று. 1958-இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். உலக அமெச்சூர் ஸ்நூக்கர் போட்டி முதன்முதல் நடந்ததும் அந்நகரிலேயே, 1963-இல். ஆனால் பட்டத்தை இங்கிலாந்தின் கேரி ஓவன் கொண்டுபோனார். இந்தியர் ஒருவர் அதை வெல்ல 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வென்றவர் ஓம் அகர்வால். 2003-இல் பெங்களூரில் பயின்ற பங்கஜ் அத்வானி பதினெட்டு வயதில் அதே பட்டத்தைப் பெற்றார். செம்பந்து ஆறு மட்டுமே வைத்து ஆடும் குறுவகையிலும் அவர் 2014, 2015 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். அவ்வகையில் எடுக்கத்தக்க உச்சத் தொடர் 75. விரைவில் முடிவதால் வாடகையும் குறையும். ஹெப்பகோடி இளைஞர் பெரும்பாலும் ஆடுவது இதனைத்தான்.

விதிகளையும் வரலாற்றையும் நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மாணவனின் தந்தை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நிதானமாகப் படித்தார். "இதில் காசு எங்கே வைக்கிறார்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டார். எங்கும் வைப்பதில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், தோற்றவன் மேசை வாடகையைக் கொடுப்பது வழக்கம் என்று பையனே ஒப்புக்கொண்டான். தந்தை சற்றுநேரம் அவனைப் பார்த்தார். பிறகு தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மட்டும் போகலாம் என்றார்.