தள்ளத் தெரியும், அள்ளத் தெரியாது

எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது அதற்கு உயிர் இல்லை. பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஓர் உடம்பும் நீளமான ஒரு மூக்கும் மட்டும் கிடந்தன. பேட்டரியும் சார்ஜரும் தனியாக வாங்க வேண்டுமாம். விளம்பரத்தின் அடியில் அதைப் போட்டுத்தான் இருந்தார்கள். படிக்காதது என் பிழை. ஆனாலும் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் போட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நான்கு நாள் கழித்துப் பேட்டரி வந்தது. அந்தப் பெட்டியின் மேல் சிவப்புக் கோடுகள் சூழ்ந்த ஒரு கட்டம், நடுவில் தீப்பிடித்து எரியும் பேட்டரியின் படம். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கூட்டுறதுக்குன்னு சொல்லிட்டுத் துப்பாக்கி வாங்கியிருக்கியேடா" என்றாள்.

லீஃப் புளோயர். ஒயர் இல்லாத, பேட்டரியில் ஓடுகிற வகை. காற்றடித்து இலையைத் தள்ளும். ஒயரோடு ஓடுகிற இதன் உறவுக்காரன் ஒருவனை எல்லோருமே பார்த்திருப்போம். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சிபியூவைத் திறந்து தூசி ஊதுவார்களே, அதுதான். ஏசி மெக்கானிக் பையிலும் ஒன்று இருக்கும்.

மதுரை நாகமலைப் பக்கம் 5 செண்டில் எங்கள் வீடு. முன்னால் ஒரு வேம்பு, பக்கவாட்டில் ஒரு வாதுமை. வேம்பு மாசி, பங்குனியில் மொத்தமாகக் கொட்டிவிடும். வாதுமை வருடத்துக்கு இரண்டு தரம் சிவந்து உதிரும். ஒவ்வோர் இலையும் ஒரு கைவிசிறி அகலம். தரையெல்லாம் பேவர் பிளாக். அதன் இடுக்கில் செருகிக்கொள்ளும் வேப்பங்காம்பை எடுக்க ஈர்க்குச் சீமாறால்கூட முடியாது. அம்மாவுக்குக் குனிய வராது, எனக்குக் குனிந்தால் நிமிர வராது. வாங்கினேன்.

இதன் உடம்பு வந்த வழியைத் தேடிப்போனால் வயலில் போய் நிற்கும். முதுகில் மாட்டிக்கொண்டு பயிருக்கு மருந்தடிக்கிற பெட்ரோல் மிஷின் இருக்கிறதல்லவா, நம் பக்கம் பவர் ஸ்பிரேயர் என்பார்கள். எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, காற்று குழாய் வழியே பாய்ந்து மருந்தைப் பொடித்துளியாக்கி வீசும். மருந்துத் தொட்டியைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் காற்று. அந்த வெறும் காற்றையும் விற்கலாம் என்று கண்டுகொண்டவர்கள் ஜப்பானியர்கள். 1970களின் தொடக்கத்தில் அது தோட்டக் கருவியாக அமெரிக்கா போனது.

அங்கே அதற்கு வாழ்வு கொடுத்தது வறட்சி. 1976, 77இல் கலிஃபோர்னியாவில் மழை பொய்த்தது. வாசலையும் நடைபாதையையும் ஹோஸ் வைத்துக் கழுவக் கூடாது என்று ஊருக்கு ஊர் கட்டுப்பாடு. தண்ணீர் பார்த்த வேலையைக் காற்று எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கும் முன்பே, 1975இலேயே, கார்மெல் என்ற கடலோரச் சிற்றூர் இந்த மிஷின் எங்களுக்கு வேண்டாம் என்று தடை போட்டுவிட்டது. பெவர்லி ஹில்ஸும் சில ஆண்டுகளில் அதே வழிக்கு வந்தது. காரணம், சத்தம்.

என்ன சத்தம் என்று ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே டூ ஸ்ட்ரோக் ஜாதி. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். எரிந்ததோடு எரியாததும் சேர்ந்து புகைபோக்கி வழியாகப் போகும். ஒரு மணி நேரம் பெட்ரோல் புளோயர் ஓட்டினால் புகைமூட்டத்துக்குக் காரணமான மாசு எவ்வளவு வரும் என்று கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் ஒரு கணக்குப் போட்டது. ஒரு காரை 1,100 மைல் ஓட்டினால் வருகிற அளவாம். மதுரையிலிருந்து சென்னைக்கு இரண்டு தரம் போய்வருகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் வீடுகளுக்கு 500 அடிக்குள் பெட்ரோல் புளோயர் ஓட்டத் தடை கொண்டுவந்தபோது, தோட்டக்காரர்கள் 1998 ஜனவரியில் நகர மன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடித்தால்தான் கூலி கட்டுபடியாகும், துடைப்பத்துக்குத் திரும்பினால் வீடுகளின் எண்ணிக்கை குறையும் என்பது அவர்கள் வாதம். சத்தம் கேட்டு எரிச்சலானவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள்; அதைக் காதோடு அணைத்து முதுகில் சுமந்தவர்கள் வெளியே பட்டினி கிடந்தார்கள். இந்த மிஷினின் சரித்திரத்தில் எனக்கு மறக்காத இடம் இதுதான். பிறகு காலம் வீட்டுக்குள் இருந்தவர்கள் பக்கமே சாய்ந்தது. வாஷிங்டன் நகரில் 2022 ஜனவரி 1 முதல் பெட்ரோல் புளோயருக்குத் தடை. 2021இல் கையெழுத்தான கலிஃபோர்னியாச் சட்டத்தின்படி, 2024 மாடல் முதல் புளோயர் போன்ற கருவிகளுக்கான புதிய எஞ்சின்கள் புகையே விடக் கூடாது.

பேட்டரியின் வம்சம் வேறு. ஒயர் இல்லாத டிரில்லிங் மிஷினை பிளாக் அண்ட் டெக்கர் 1961லேயே கொண்டுவந்துவிட்டது. அந்த நிறுவனம் பங்கெடுத்துச் செய்த ஒரு பேட்டரித் துரப்பணம் 1971இல் அப்பல்லோ 15 வீரர்களோடு நிலவுக்குப் போய்த் துளைபோட்டு வந்தது. நிலவில் துளைபோட்டவர்களுக்கு வாசலில் இலை தள்ளும் பேட்டரி கைவரவில்லையா என்றால், ஆம். டிரில் விட்டுவிட்டு ஓடும். சுவரில் நாலு ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. காற்றடிக்கிற மிஷினோ விசையை அழுத்தியது முதல் விடுகிறவரை மூச்சுவிடாமல் கரண்ட் குடிக்கும். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியால் அந்தத் தாகத்தைத் தீர்க்க முடியாது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை வீடியோ கேமராவுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் போய், அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்கு வந்தது. அதற்கு வித்திட்ட ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு. குடெனஃபுக்கு அப்போது 97 வயது.

என் பேட்டரியில் இருக்கும் லித்தியம் சிலியின் அடகாமா உப்புவெளியிலிருந்து வந்திருக்கலாம், ஆஸ்திரேலியப் பாறையிலிருந்தும் வந்திருக்கலாம். அடகாமாவில் பூமிக்கடியிலிருந்து உப்புநீரை இறைத்துப் பாத்திகட்டி, வெயிலில் ஒரு வருடத்துக்கு மேல் காயவிடுவார்கள். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது.

என் பேட்டரி 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர். உள்ளே விரல் பருமனில் 10 செல், ஒன்று 3.6 வோல்ட். ஐந்தைந்தாகக் கோத்தால் 18. முழுதாக ஏறியவுடன் செல்லுக்கு 4.2 வீதம் 21 வரும். அதனால் அதே சரக்கை ஒருவர் 18 என்கிறார், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 21 என்கிறார். 48 விஎஃப், 88 விஎஃப் என்றெல்லாம் அச்சடித்து வருகிறதே, அதிலும் பெரும்பாலும் இதே ஐந்து செல் வரிசைதான். அந்த எண்ணுக்கு மயங்காமல் வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கிப் பாருங்கள். என்னுடையது 72 வாட் அவர். மோட்டார் 400 வாட் சொச்சம் குடிக்கிறது. முழு வேகத்தில் 10 நிமிடம், அவ்வளவுதான் என் புயலின் ஆயுள். பாதி வேகத்தில் 20 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். காய்ந்த இலைக்குப் பாதி வேகமே ஏராளம்.

முதல் நாள் கைலியோடு இறங்கினேன். விசையை அழுத்திய மறுநொடி பின்பக்கச் சல்லடை கைலியை இழுத்துப் பிடித்துக்கொண்டது. முன்னால் ஊத வேண்டிய காற்றைப் பின்னாலிருந்துதானே உறிஞ்ச வேண்டும்? அன்றிலிருந்து பேண்ட். மெல்லப் பழகியது இது: மூக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், சுவர் ஓரத்திலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும், வேப்பமரத்தைப் பார்த்து இயற்கைக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமே நாமும் அடிக்க வேண்டும். எதிர்த்து நின்றால் இலை முகத்துக்கே வரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியில், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் வாயில் அடைத்துக் கிடக்கும் சருகைத் தள்ளினேன்; அதற்காகவே இதற்குக் கொடுத்த காசு தகும். மழை தொடங்கிவிட்டால் இதற்கு வேலையில்லை. ஈர வாதுமையிலை சினிமா போஸ்டர் மாதிரி தரையில் ஒட்டிக்கொண்டு அசையாது.

எங்கள் வீட்டு வாசலைக் கூட்ட வருகிற அக்கா முதலில் தண்ணீர் தெளிப்பார், பிறகு கூட்டுவார். புழுதி அடங்குவதற்குத்தான் தண்ணீர். என் மிஷினுக்கோ தரை காய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் இலை நகரும்; கூடவே புழுதியும் கிளம்பும். ஒரு நாள் அது மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் கழுவி நிறுத்திய காரின் மேல் போய் இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் கழுவினார். அந்த மௌனம் வைததைவிட மோசம். அக்காவிடம் ஒரு தரம் மிஷினைக் கொடுத்தேன். வாசல் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது கூட்டுற மிஷின் இல்லண்ணே, விரட்டுற மிஷின். குவிச்சத அள்ளுறதுக்கு நான்தான் வரணும்."

உண்மை. மருந்தைக் கழற்றினார்கள், பெட்ரோலைக் கழற்றினார்கள், ஒயரையும் கழற்றினார்கள். சத்தம்கூட மிக்ஸி அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஐம்பது வருடத்தில் வெறுமனே ஊதுகிற இந்த வகை மிஷின் ஓர் இலையையும் எடுத்துக் கூடையில் போட்டதில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு விடிகாலை. சித்திரை முதல் நாள் பச்சடிக்கென்று அம்மா வேப்பமரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தாள். இரவெல்லாம் உதிர்ந்த பூ அதில் பொரிப்பொரியாக, வெள்ளையும் இளமஞ்சளுமாகக் கிடந்தது. நான் அதைத் தாண்டி நின்றுதான் ஊதினேன். கல் அசையவில்லை. வேட்டிகூட அசையவில்லை. பூ மட்டும் ஒன்றுவிடாமல் எழுந்து, ஒரு கணம் முழங்கால் உயரத்தில் நின்று, பேவர் பிளாக் இடுக்குகளில் போய்ச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டது. அம்மா காபி டம்ளரோடு வந்து பார்த்தாள். "வருசம் பிறக்கப்போகுது, வசவு வாங்காத, போ" என்றாள். அந்த வருடப் பச்சடிக்குப் பூ கடையில் வாங்கினோம்.

மூன்று கோடை தாண்டியதும் பேட்டரிக்கு முதுமை தட்டியது. இதற்கு நானும் காரணம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் வைத்திருந்தேன். லித்தியத்துக்குச் சூடும் ஆகாது, வயிறு முட்ட நிறைந்த நிலையில் மாதக்கணக்கில் சும்மா கிடப்பதும் ஆகாது. பாதி ஏற்றி, வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வைத்திருக்க வேண்டும். சார்ஜர் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது: வேலை முடிந்த சூட்டோடு செருகினால் விளக்கைச் சிமிட்டி, ஆறினால்தான் ஏற்றுவேன் என்று அடம் பிடிக்கும். நான்தான் அதைக் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி செருகினேன். இப்போது நான்கு விளக்கும் எரிந்த மூன்றாவது நிமிடத்தில் ஒரு விளக்குக்கு வந்துவிடுகிறது. புதுப் பேட்டரியின் விலை மிஷின் விலையை ஏறக்குறைய தொடுகிறது.

பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். மிஷினைப் புரட்டிப் பார்த்து, மோட்டாரில் செம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். பேட்டரியை மட்டும் தொடவில்லை. "இது வேணாம் சார். தெரிஞ்ச கடையில ஒண்ணு புகைஞ்சிருச்சு." 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்றுச் சேகரிக்கிற பொறுப்பு விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களுடையது. வாங்கிய இடத்தில் கேட்டபோது, கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உடம்பை விற்கவில்லை. பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தகரக் கொட்டகையிலிருந்து இறக்கி, மாடிப்படியடியில் தனியாக வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், செல்போன் பேட்டரியோ பவர் பேங்கோ எதுவானாலும், காலையில் வருகிற குப்பை வண்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். குப்பையை அழுத்தும்போது நசுங்கினால் அது தீப்பிடிக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது அள்ளுகிறவர்களின் கை.