காமாஸ் கிழங்கும் ஒப்பந்தத்தில் மாறிப்போன பேரும்

பட்டாவுல அப்பா பேர்ல ஒரு எழுத்து மாறிப்போனா தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடக்கணும்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவுல ஒரு புல்வெளியோட பேரே மாறிப்போச்சு. கடைசியில் அது சண்டையில் போய் முடிஞ்சது.

காமாஸ்னு ஒரு செடி. வடமேற்கு அமெரிக்காவின் ஈரமான புல்வெளிகளில் தானா முளைக்கும். மண்ணுக்குள்ள சின்ன வெங்காயம் மாதிரி கிழங்கு, மேல நீலப் பூ. 1805 செப்டம்பரில் லூயிஸ், கிளார்க் பயணக் கூட்டம் மலை தாண்டிப் பட்டினியா வந்தப்போ நெஸ் பெர்ஸ் மக்கள் இந்தக் கிழங்கையும் சால்மன் மீனையும் கொடுத்தாங்க. அள்ளித் தின்னுட்டு வயித்து வலியில் சுருண்டாங்க. அடுத்த ஜூன்ல இடாஹோவின் வீப்பே புல்வெளி பூத்துக் கிடந்தது லூயிஸ் கண்ணுக்கு ஏரித் தண்ணியாவே தெரிஞ்சதாம்.

கிழங்கு தோண்டுறது பொம்பளைங்க வேலை. பக்கத்திலேயே விஷக்கிழங்கு ஒண்ணும் முளைக்கும், அதோட பூ வெளுப்பா இருக்கும். அதனால பூவைப் பார்த்து வச்சுக்கிட்டுத்தான் தோண்டணும். குழி வெட்டி, கல்லைச் சுட வச்சு, புல் பரப்பி, கிழங்கைக் கொட்டி, மண் மூடி ஒண்ணு ரெண்டு நாள் விட்டுடுவாங்க. இதுல இருக்கிற இனுலின் லேசுல செரிக்காது. அந்தச் சூட்டுல அது சர்க்கரையா மாறி, கிழங்கு கருத்து இனிக்கும். காயவச்சா குளிர்காலத்துக்கு ஆச்சு. பெருசை எடுத்துட்டுச் சின்னதை மண்ணிலேயே விட்டாங்க. ஏர் ஓட்டலைங்கிறதுக்காக இதை விவசாயம் இல்லைனு சொல்ல எனக்கு மனசு வரல.

1868ல் ஃபோர்ட் பிரிட்ஜரில் பேனாக், ஷோஷோனி மக்களோட அரசாங்கம் ஒப்பந்தம் போட்டது. காமாஸ் புல்வெளின்னு இருக்க வேண்டிய இடத்தில் 'கான்சாஸ் புல்வெளி'ன்னு எழுதிட்டாங்க. கான்சாஸ் எங்கேயோ கிழக்கே கிடக்கு! திருத்தவும் இல்லை. குடியேறினவங்க மாட்டையும் பன்னியையும் ஓட்டிட்டு வந்து அங்க விட்டாங்க. மரவள்ளிக் காட்டுல பன்னி இறங்கினா விடியும்போது என்ன மிஞ்சும்னு நமக்குத் தெரியும். காமாஸ் விதையிலிருந்து வந்து பூக்கவே மூணு வருஷத்துக்கு மேல ஆகும். ஒதுக்கின இடத்தில் கொடுத்த ரேஷனும் போதலை, கிழங்கும் போச்சு.

1878 மே கடைசியில் அந்தப் புல்வெளியில் மாடு மேய்ச்சவங்களைப் பேனாக் ஆட்கள் சுட்டாங்க. பட்டாளம் வந்தது. தலைவர் பஃபலோ ஹார்ன் ஜூன்லயே செத்துட்டார். சில மாசத்தில் பேனாக் தோத்துட்டாங்க. அந்தப் பக்கம் ஃபேர்ஃபீல்டுகிட்ட இருக்கிற சதுப்பில் இன்னமும் மே கடைசியில் காமாஸ் நீலமா பூக்குது.