லீட்ஸ் யுனைடெட் நிதி வீழ்ச்சி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த லீட்ஸ் யுனைடெட் கால்பந்துக் கழகம் 2001இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஆடியது. 2007இல் திவால் சட்டத்தின் பிடியில் சிக்கி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. தொழில்முறைக் கால்பந்தில் பணத்தைக் கையாளத் தெரியாமல் ஒரு கழகம் கெட்டதற்கு இங்கிலாந்தில் முதலில் சொல்லப்படும் பெயர் இதுதான். பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எவரும் ஓடிவிடவில்லை. செலவெல்லாம் பங்குதாரர், ரசிகர், பத்திரிகையாளர் கண்ணெதிரே, பெரும்பாலும் அவர்களின் கைதட்டலோடு நடந்தது. வரப்போகும் ஆண்டுகளின் வசூலை முன்கூட்டியே அடகு வைத்துச் செலவிட்டதில்தான் கழகம் மூழ்கியது.

பின்னணி

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1885இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருவதை அனுமதித்தது. அன்றைய கழகங்கள் உள்ளூர் வணிகர்களின் கையில் இருந்தன. பங்குக்கு இவ்வளவுதான் ஆதாயம், இயக்குநருக்குச் சம்பளம் இல்லை என்று சங்கம் கடிவாளம் போட்டிருந்தது. ஆட்டக்காரர் சம்பளத்துக்கும் 1961 வரை உச்சவரம்பு உண்டு. இந்தக் கட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1983இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகம் லண்டன் பங்குச் சந்தைக்குப் போனது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கி, ஸ்கை தொலைக்காட்சியின் பணம் கொட்டியது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் மாற்றுத்தொகை இல்லாமலே வேறு கழகத்துக்குப் போகலாம் என்றது. கழகத்துக்குக் கழகம் போன தொகையின் ஒரு பங்கு இப்போது ஆட்டக்காரரின் சம்பளமாக மாறியது.

லீட்ஸ் இந்தப் புதிய உலகுக்குள் நல்ல நிலையிலேயே நுழைந்தது. பிரீமியர் லீக் தொடங்குவதற்கு முந்தைய கடைசி லீக் பட்டம், 1991-92, அவர்களுடையது. பங்குச் சந்தையில் இருந்த காஸ்பியன் என்ற நிறுவனம் 1996இல் கழகத்தை வாங்கியது. 1997இல் பீட்டர் ரிட்ஸ்டேல் தலைவரானார். சிறுவயது முதல் லீட்ஸ் ரசிகர். ஆடை விற்பனைத் துறையில் பெரிய பதவிகள் வகித்தவர். தொலைவிலிருந்து வந்த முதலாளி அல்லர் என்பதால் ஊர் அவரைக் கொண்டாடியது. தார்ப் ஆர்ச் பயிற்சி மையத்தில் ஹாரி கியூவெல், ஜோனத்தன் வுட்கேட், ஆலன் ஸ்மித் போன்ற இளைஞர்கள் செலவில்லாமல் உருவாகி வந்துகொண்டிருந்தார்கள். 1998இல் பயிற்சியாளரான டேவிட் ஓலியரி அவர்களை நம்பிக் களமிறக்கினார். அணி 1998-99இல் நான்காம் இடம், அடுத்த ஆண்டு மூன்றாம் இடம். அங்கேயே நிதானித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

கடன் பெருகிய விதம்

2000 நவம்பரில் வெஸ்ட் ஹாமிடமிருந்து ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டுக்கு லீட்ஸ் வாங்கியது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை உலகில் எவரும் தராத விலை. அதன் பின் இன்டர் மிலானிலிருந்து ராபி கீன், லிவர்பூலிலிருந்து 1.1 கோடிக்கு ராபி ஃபௌலர் என வரிசை நீண்டது.

இவ்வளவும் கணக்குப் புத்தகத்தில் உறுத்தாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆட்டக்காரருக்குத் தரும் மாற்றுத்தொகை வாங்கிய ஆண்டின் செலவாக எழுதப்படுவதில்லை; ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் பிரித்து எழுதப்படும். ஐந்தாண்டு ஒப்பந்தமானால் 1.8 கோடி என்பது ஆண்டுக்கு 36 லட்சமாகத்தான் தெரியும். கணக்கியலில் இது முறையானதே. ஆனால் விற்பவர் ஐந்தாண்டு காத்திருப்பதில்லை. அவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். லீட்ஸ் அதை நிதி நிறுவனங்கள் வழியாகத் திரட்டியது. கார் தவணை போல, நிறுவனம் பணம் தர, ஆட்டக்காரரின் விலையைக் கழகம் வட்டியோடு ஆண்டுதோறும் கட்டியது. அதற்கும் மேல் 2001இல், வருங்கால டிக்கெட் வசூலை ஈடாக வைத்து, 25 ஆண்டுத் தவணையில் 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. அப்போது பிறக்காத ரசிகர் ஒருவர் இருபது ஆண்டு கழித்து வாங்கப்போகும் சீசன் டிக்கெட்டும் அந்த அடகில் சேர்த்திதான்.

கடனை அடைக்கும் திட்டம் ஒன்றே ஒன்று: ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடுவது. 2000-01இல் லீட்ஸ் அந்தப் போட்டியில் டிபோர்ட்டிவோ லா கொருன்யாவை வீழ்த்தி அரையிறுதிக்குப் போய் வலென்சியாவிடம் தோற்றது. உள்நாட்டு லீக்கிலோ நான்காம் இடம். மூன்றாம் இடம்பிடித்த லிவர்பூலைவிட ஒரே ஒரு புள்ளி குறைவு. அந்த ஆண்டு இங்கிலாந்துக்குச் சாம்பியன்ஸ் லீக்கில் மூன்று இடங்கள். அடுத்த ஆண்டு இடங்கள் நான்காயின. லீட்ஸ் ஐந்தாவதாக முடித்தது. 2002 புத்தாண்டு நாளில் அதே அணிதான் பட்டியலின் உச்சியில் இருந்தது. விதியைப் பழிக்கலாம்தான். ஆனால் முதல் நான்கு இடங்களுக்கு ஆறேழு கழகங்கள் முட்டிமோதும் லீக்கில், ஓர் இடம் தனக்கு நிச்சயம் என்று வைத்துக்கொண்டு கடன் வாங்கியது விதி அல்ல.

அவசர விற்பனை

2002 ஜூனில் ஓலியரி நீக்கப்பட்டு டெர்ரி வெனபிள்ஸ் வந்தார். ஜூலையில் ஃபெர்டினாண்டு ஏறத்தாழ 3 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெடுக்குப் போனார். வாங்கிய விலையைவிட அதிகம் கிடைத்த பெரிய விற்பனை அது ஒன்றுதான். ஏனெனில் அந்த ஆண்டு சந்தையே படுத்துவிட்டது. இங்கிலாந்தில் ஐடிவி டிஜிட்டலும் ஜெர்மனியில் கிர்ஷ் குழுமமும் நொடித்ததால் பல கழகங்களின் தொலைக்காட்சி வருமானம் நின்றுபோனது. ஆட்டக்காரர்களை ஆண்டில் இரு பருவங்களில் மட்டுமே விற்கலாம் என்ற விதியும் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. லீட்ஸுக்கு அவசரம் என்று தெரிந்தபின் வாங்குபவர் விலையைக் குறைத்தார். 2003 ஜனவரியில் ஃபௌலர் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அவர் சம்பளத்தில் ஒரு பகுதியை லீட்ஸே தொடர்ந்து கொடுத்தது. அதே மாதம் வுட்கேட் 90 லட்சத்துக்கு நியூகாசிலுக்கு. மார்ச்சில் வெனபிள்ஸும் ரிட்ஸ்டேலும் வெளியேறினார்கள்.

புதிய தலைவர் ஜான் மெக்கென்சி செலவுகளைத் தோண்டியபோது, தலைவர் அறையில் வாடகைக்கு வைத்திருந்த தங்கமீன் தொட்டி கிடைத்தது. ஆண்டு வாடகை சில நூறு பவுண்டு. பத்திரிகைகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து வேண்டுமா? இன்றும் லீட்ஸ் என்றால் பலருக்கு அந்த மீன்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அது நியாயமற்ற நினைவு. அந்த ஆண்டில் கழகம் கண்ட 4.95 கோடி பவுண்டு நட்டத்தில் மீன் வாடகை தூசு. வட்டியும் நீண்ட ஒப்பந்தச் சம்பளங்களும்தான் கழகத்தைத் தின்றன.

2003 இறுதியில் கடன் 10 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டனர். 2004 மார்ச்சில் ஜெரால்ட் கிராஸ்னர் தலைமையிலான உள்ளூர்க் குழு கழகத்தை வாங்கியது. பெரிய கடன் கொடுத்தவர்கள் ஒரு பங்கை மட்டும் பெற்றுக்கொண்டு கைகழுவினார்கள். மே மாதம் போல்டனில் 4-1 என்று தோற்று அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. உள்ளூர்ப் பிள்ளையான ஆலன் ஸ்மித்தைப் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெடுக்கே விற்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு தார்ப் ஆர்ச் மையமும் எல்லண்ட் ரோடு மைதானமும் விற்கப்பட்டன. கழகம் தன் சொந்த மைதானத்திலேயே குத்தகைதாரர் ஆனது.

2007: யார் பணம் போனது

2005 ஜனவரியில் செல்சியின் முன்னாள் உரிமையாளர் கென் பேட்ஸ் லீட்ஸை வாங்கினார். அப்போதும் கழகம் மீளவில்லை; 2007 மே 4 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன்பாக, கழகம் திவால் நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்குத் தண்டனை 10 புள்ளிகள். ஆனால் மூன்றாம் பிரிவுக்கு இறங்குவது ஏறக்குறைய முடிவாகிவிட்ட அணிக்கு அது வலிக்கவே இல்லை. இந்தச் சாதுரியத்துக்குப் பின், பருவக் கடைசியில் திவால் அறிவிக்கும் கழகத்துக்குத் தண்டனையை அடுத்த பருவத்துக்கு மாற்ற வழிசெய்யும்படி லீக் விதியைத் திருத்தியது.

கழகம் திவாலாகும்போது ஆட்டக்காரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் உள்ள பாக்கியை முழுதாகக் கொடுத்தால்தான் லீக்கில் தொடர முடியும் என்பது இங்கிலாந்தின் நெடுநாள் விதி. மற்றவர்களுக்கு, அதாவது வரித்துறை, உள்ளூர் வணிகர், ஒப்பந்தக்காரர் ஆகியோருக்கு, அன்று பவுண்டுக்குச் சில பென்ஸ்தான் கிடைத்தது. திவாலில் அரசு வரிக்கு இருந்த முன்னுரிமை 2003இல் நீக்கப்பட்டிருந்ததால் வரித்துறை இதில் குறிப்பாகக் கசந்திருந்தது. கடன் கொடுத்தவர்களோடு லீட்ஸ் போட்ட சமரசத் திட்டம், தேவையான 75 சதவீத ஆதரவை மயிரிழையில் தாண்டியபோது, கடைசி நாளில் வரித்துறை எதிர்த்து வழக்குப் போட்டது. அதனால் சமரசம் கைவிடப்பட்டு, நிர்வாகிகள் கழகத்தை மீண்டும் பேட்ஸ் தரப்புக்கே விற்றார்கள். சமரசம் இன்றித் திவாலிலிருந்து வெளியேறியதற்காக லீக் 15 புள்ளிகளைக் கழித்தது.

2007-08 பருவத்தை அந்த மைனஸ் 15இல் தொடங்கிய அணி முதல் ஏழு ஆட்டங்களையும் வென்று, இறுதியில் 76 புள்ளிகளோடு ஐந்தாவதாக முடித்தது. கழித்த புள்ளிகள் கையில் இருந்திருந்தால் இரண்டாம் இடமும் நேரடி உயர்வும் கிடைத்திருக்கும். மாறாக, உயர்வுக்கான பிளே-ஆஃப் போட்டியின் இறுதியில் டான்காஸ்டரிடம் தோற்றது. 2010இல் இரண்டாம் பிரிவுக்கும், மார்செலோ பியெல்சாவின் பயிற்சியில் 2020இல் பிரீமியர் லீக்குக்கும் திரும்பியது.

பின்விளைவுகள்

லீட்ஸ் நல்ல பாடமாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மவுத், 2010இல் திவால் நிர்வாகத்துக்குள் போன முதல் பிரீமியர் லீக் கழகமானது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் நிறுவனம் 2012இல் கலைக்கப்பட்டு, புதிய நிறுவனத்தின் கீழ் நான்காம் அடுக்கில் தொடங்கியது. ஒரு பவுண்டுக்குக் கைமாறிய பரி கழகம் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் 2011 முதல் வரவுக்குள் செலவு என்ற விதியைக் கொண்டுவந்தது.

எல்லண்ட் ரோடு மைதானத்தை லீட்ஸின் அன்றைய உரிமையாளர் ஆண்ட்ரியா ராட்ரிசானி 2017இல் திரும்ப வாங்கினார். 2025இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கால்பந்துக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பை ஏற்படுத்திச் சட்டம் இயற்றியது. அதன்படி, இங்கிலாந்தின் முதல் ஐந்து அடுக்குக் கழகங்கள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். அந்த அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் சொந்த மைதானத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது.