சென்னைப் பல்கலைக் கழகமும் நம் சமுதாயமும்

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் பிள்ளைகளுள் பட்டம் பெற்றோர் எத்துணைப் பேர் என்று எண்ணி மகிழ்வது இயல்பே. அம்மகிழ்ச்சியோடு நாம் எண்ண வேண்டிய வேறு சிலவும் உண்டு. பட்டம் வழங்கும் பல்கலைக் கழகம் எத்தகையது? அதன் வாயில் நமக்கு எவ்வாறு திறந்தது? அவ்வாயிலைக் கடந்த பின்னும் நாம் அதிகம் நுழையாத அறை எது? இவற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும் என்னும் விழைவால் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பல்கலைக் கழகத்தின் தோற்றம்

சென்னைப் பல்கலைக் கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சட்டத்தின் வழி நிறுவப்பட்டது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக் கழகங்களும் அவ்வாண்டிலேயே தோன்றின. இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டமையால், தொடக்கத்தில் அது பாடம் நடத்தும் இடமாக இல்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. சேப்பாக்கத்தில் கடலை நோக்கி நிற்கும் செனட் மண்டபத்தை இராபர்ட் சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். அது 1874இல் தொடங்கி 1879இல் நிறைவுற்றது.

தென்னாட்டுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றிற்கும் இதுவே தாய். 1916இல் மைசூரும், 1926இல் ஆந்திரமும், 1929இல் அண்ணாமலையும் தனிப் பல்கலைக் கழகங்கள் கண்டன. 1982இல் கோவையில் பாரதியார் பல்கலைக் கழகம் உருவாயிற்று. உதகையில் 1955இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரியும் அதுவரை சென்னையோடு இணைந்திருந்ததே. ஆகவே அந்நாளில் அக்கல்லூரியில் பயின்ற நீலகிரி மாணவர், சென்னைக் கடற்கரையைக் காணாதிருப்பினும், சென்னைப் பல்கலைக் கழகத்தின் பட்டதாரிகளே ஆவர்.

ஆராய்ச்சியின் பெருமை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆராய்ச்சி அங்கே வேரூன்றியது. 1913இல் கணித மேதை இராமானுசனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கப்பட்டது. அவர் கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றவர். துறைமுகக் கழகத்தில் எழுத்தராய் இருந்தவர். பட்டமில்லாத ஒருவரை அவரது ஆற்றல் கண்டு பல்கலைக் கழகம் ஏற்றுக்கொண்டது. அதே 1913இல்தான் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தை அடைந்தார். உரிய வேளையில் கிடைக்கும் உதவித்தொகை ஒரு மனிதரின் வாழ்வை மட்டுமன்றி, ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்ற வல்லது என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியைப் பல்கலைக் கழகம் வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியராய் விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளையின் உழைப்பைத் தமிழுலகம் நன்கறியும்.

எனினும், நம் சமுதாயத்தினர் சிறப்பாக அறிய வேண்டிய ஆராய்ச்சி ஒன்றுண்டு. 1952இல் இயற்பியல் துறைப் பேராசிரியராய் வந்த ஜி. என். இராமச்சந்திரன் அப்போது முப்பது வயதினர். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிற்கு உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதத்தின் வடிவம் உலகில் எவராலும் தெளியப்படாதிருந்தது. அதனை ஆராய அவர் முனைந்தபோது, வேண்டிய கொல்லாஜன் மாதிரிகள் தொலைவில் தேட வேண்டாதபடி, அண்மையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலேயே கிடைத்தன. மூன்று இழைகள் கயிறுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடப்பதே அதன் வடிவம் என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் அவர் அறிவித்தார். புரதங்கள் எவ்வாறெல்லாம் மடங்க இயலும் என்று காட்டும் அவரது வரைபடம் 1963இல் வெளிவந்தது. இன்றும் அது அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது யாது? தோலைத் தொட்டவன் இழிந்தவன் என்று நூற்றாண்டுகளாய் இந்நாடு சொல்லிற்று. அத்தோலையே ஆய்வுக்கூடத்தில் வைத்து நோக்கியபோது இந்நாட்டு அறிவியலுக்கு உலகப் புகழ் கிடைத்தது. இழிவு பொருளில் இல்லை, தொழிலிலும் இல்லை, பார்த்தவர் கண்ணில்தான் இருந்தது. தோலைப் பதப்படுத்தியவனின் கைத்திறமும் ஓர் அறிவே என்பதை நம் இளைஞர் நெஞ்சில் நிறுத்துதல் நன்று.

நம் மலையில் எழுந்த குரல்

இத்தகைய கல்விக் கூடத்தின் வாயில் நமக்குத் தானாகத் திறக்கவில்லை. அதனைத் தட்டிய முதற் கைகளுள் இரண்டு நம் நீலகிரியோடு தொடர்புடையவை.

ஒருவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845 – 1914). அவர் எப்பல்கலைக் கழகத்திலும் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் தமிழும் சித்த மருத்துவமும் பௌத்தமும் கற்றுத் தேர்ந்த ஆராய்ச்சியாளர். ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த தம் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லிஸ் துரையிடம் சேரச் செய்தார் என்று பண்டிதர் எழுதியுள்ளார். ஏவல் பணி புரிந்தோர் இல்லத்திலும் ஏடுகள் காக்கப்பட்டன என்பது இதனால் விளங்கும். 1891 டிசம்பர் முதல் நாள் உதகையில் அவர் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டினார். அங்கு நிறைவேறிய தீர்மானங்களில் கல்வியும் அரசுப் பணியும் முதன்மை பெற்றன. மறு ஆண்டு சென்னை மகாஜன சபை மாநாட்டில் நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டுமென்று வாதாடினார். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் எளியோர்க்குரிய பல்கலைக் கழகம் என்றே சொல்லத் தகும்.

மற்றொருவர் அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன். கோயமுத்தூர்க் கலாசாலையில் அவர் பயின்றபோது சுமார் 400 மாணவருள் பதின்மர் தவிர ஏனையோர் பிராமணர் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் பிறரோடு விளையாடியதில்லை. வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் செல்வார். வகுப்பு கலைந்ததும் எவரும் உடன் வராதபடி விரைந்து வீடு திரும்புவார். அந்நாளைய மாணவ வாழ்க்கை நம்மவர்க்கு அவ்வாறிருந்தது! அவ்வாறு பயின்றவரே 1880களில் உதகையில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராய் இருந்து, பின் சென்னை சென்று 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நமக்காக வழக்குரைத்தார். வகுப்பறையில் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தவர், பேரரசின் அவையில் தம் மக்கள் பெயரை உரக்கச் சொன்னார்.

வாயில் திறந்த வரலாறு

அடுத்த தலைமுறையில் எம். சி. ராஜா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று ஆசிரியரானார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்திலும் நடுவண் சட்டசபையிலும் நமக்காகப் பேசினார். ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி 1925இல் ஆங்கில நூலொன்றும் எழுதினார். சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கி நிற்கும் விடுதியில் தங்கிப் படித்து முன்னேறியோர் பலர். என். சிவராஜ் சட்டம் பயின்று, சென்னைச் சட்டக் கல்லூரியிலேயே பேராசிரியராகி, 1945இல் சென்னை மாநகர மேயராகவும் உயர்ந்தார்.

தனி மனிதரின் திறமை மட்டும் போதாது; சட்டமும் பொருளும் துணை நிற்றல் வேண்டும். வகுப்புவாரி அரசாணையின்படி, 1947க்குப் பின் தொழிற்கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 2 இடங்கள் நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டன. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாததாக்கியது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, கல்வியில் இட ஒதுக்கீடு நிலைபெற்றது. பள்ளி இறுதிக்கு மேற்பட்ட படிப்பிற்கான உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையில் உறுப்பினராய் இருந்த காலத்தில் 1944இல் தொடங்கியது. நம் பிள்ளைகள் இன்று கையொப்பமிட்டுப் பெறும் உதவித்தொகைக்குப் பின்னே இவ்வளவு வரலாறு உண்டு. அது எவரும் இரங்கி இட்ட பிச்சையன்று. போராடிப் பெற்ற உரிமை.

நாம் நுழைய வேண்டிய அறை

இனி நம் ஊரை நோக்குவோம். நம் நீலகிரியைப் போல் உலக அறிஞர்களால் ஆராயப்பட்ட மலை அரிது. தோடரைப் பற்றி ஆங்கிலேயரான ரிவர்ஸ் 1906இல் நூல் வெளியிட்டார். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ந்த எமனோ, தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டெழுதினார்; பர்ரோவுடன் இணைந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் அளித்தார். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய சோலூர் கோக்காலில் வாழும் கோத்தரின் மொழியை உலக அறிஞர் இன்று அறிவது அத்தகையோர் உழைப்பால்தான்.

சமவெளியினின்று மலையேறி வந்து காப்பி, சிங்கோனா, தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரின் வரலாறோ இன்னும் நிறைவாக எழுதப்படவில்லை. அவர்கள் எவ்வூரினின்று வந்தனர்? யாரை நம்பி வந்தனர்? எவ்வளவு கூலி பெற்றனர்? எந்தப் பாட்டைப் பாடிக் கொழுந்து பறித்தனர்? 1891இல் உதகையில் கூடியோருள் நம் ஊராரின் பாட்டனார் எவரேனும் இருந்தனரா? இவற்றை வெளிநாட்டார் வந்து எழுதட்டும் என்று காத்திருத்தல் தகாது. பிறர் நம்மை ஆராய்ந்தால் நாம் செய்தியாவோம். நாமே ஆராய்ந்தால் வரலாறாவோம்.

ஆராய்ச்சி என்பதே நாம் அதிகம் நுழையாத அந்த அறை. இளங்கலை முடித்ததும் கிடைத்த வேலையில் அமர்ந்துவிடுவது நம் வறுமையால் நேர்வது. அதனைக் குறை கூறோம். ஆயினும் 2005ஆம் ஆண்டு முதல் நம் ஆராய்ச்சி மாணவர்க்கென்றே மைய அரசு தனி உதவித்தொகை வழங்கி வருகின்றது. பத்துக் குடும்பத்தில் ஒரு பிள்ளையாவது முதுகலைக்கு மேலும் பயில, மற்றை ஒன்பது குடும்பங்களும் தோள் கொடுத்தல் வேண்டும். பெண் பிள்ளைகளாயின் இன்னும் மிகுதியாகக் கொடுத்தல் வேண்டும்.

இளைஞர்களே! அதுவரை வாளா இருத்தல் வேண்டா. உங்கள் இல்லத்து முதியோரிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். பழைய தோட்டப் பற்றுச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றை அடுப்பில் இடாதீர்கள். கந்தப்பனார் வழி வந்த மரபு ஏடுகளைக் காத்த மரபு என்பதை மறவாதீர்கள். நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், நீலகிரித் தோட்டங்களில் நம் மக்கள் வாழ்ந்த வரலாற்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற சோலூர்ப் பிள்ளை ஒருவர் அம்மலருக்குக் கட்டுரை வரைவாராக!

வளர்க நம் கல்விச் சங்கம்! ஓங்குக நம் இளைஞர் அறிவு!