மைனிங் ஓவர்கிளாக் கிட்

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை ஈட்டித் தரும் மைனிங் எந்திரத்தை, அதன் தயாரிப்பாளர் வைத்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்காக விற்கப்படும் உதிரித் தொகுப்பே மைனிங் ஓவர்கிளாக் கிட். ஒரு கிட்டில் சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் நகத்தளவு கிரிஸ்டல் மட்டும் இருக்கலாம். இன்னொன்றில் பெரிய ஹீட் சிங்க், வேகமான விசிறி, தெர்மல் பேஸ்ட், கூடுதல் மின்னோட்டம் தரும் பவர் சப்ளை எல்லாம் சேர்ந்து வரும். வேறு சிலவற்றில் பொருளே கிடையாது, தரவிறக்கும் ஃபர்ம்வேர்தான் சரக்கு. எந்த வகையானாலும் கிட் புதிதாக வேகத்தை உண்டாக்குவதில்லை. சிப் எந்தச் சூட்டிலும் பிழையில்லாமல் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளியைத்தான் அது எடுத்துச் செலவு செய்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு என்பதை எந்திரம் நிற்கும் ஊரின் வெயிலும் மின்கட்டணமும் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரையில் அதற்கு அளவுகோல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டியுள்ள பென்னலூரும், அதைச் சுற்றி ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியும்.

வரலாறு

கிரிஸ்டலை மாற்றி வேகம் கூட்டும் பழக்கம் பிட்காயினுக்கு முன்பே இருந்தது. ஐ.பி.எம். 1984-ல் வெளியிட்ட ஏ.டி. கணினி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் பலகையில் சாக்கெட்டில் செருகியிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பிடுங்கி 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பொருத்தினால் கணினி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். பலரும் இதைச் செய்யத் தொடங்கியதும், வேகத்தைச் சோதித்துப் பார்த்து எந்திரத்தை நிறுத்திவிடும் நிரலைப் பிந்தைய பயாஸில் ஐ.பி.எம். சேர்த்தது. தயாரிப்பாளர் பூட்டுவதும் பயனர் திறப்பதுமான இந்த இழுபறி மைனிங் துறையிலும் அப்படியே தொடர்ந்தது.

2013-ல் ஏசிக்மைனர் நிறுவனம் விற்ற பிளாக் எரப்டர் என்ற யூ.எஸ்.பி. கருவி நொடிக்குச் சுமார் 33 கோடி ஹேஷ், அதாவது மைனிங் முயற்சிக் கணக்கு, போட்டது. அதிலும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான் இருந்தது. 14 அல்லது 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பற்றவைத்தால் வேகம் அதே விகிதத்தில் ஏறியது. இன்று நாம் கிட் என்று சொல்வதன் முதல் வடிவம் இந்தக் கிரிஸ்டல்கள்தாம். ஆனால் அந்தக் கருவி ஏற்கெனவே சுமார் 2.5 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தரக்கூடியதும் அவ்வளவுதான். ஆகவே கிரிஸ்டல் வாங்கியவர் தனி மின்சாரம் உள்ள ஹப்பும், கூடவே ஒரு விசிறியும் வாங்க வேண்டியிருந்தது. வேகத்தைக் கூட்டும் பொருள் மலிவு, அந்த வேகத்தைத் தாங்கும் பொருள்தான் விலை என்ற உண்மை அப்போதே தெரிந்துவிட்டது. 2014-ல் கிரிட்சீட் கருவிகளில் வோல்டேஜை நிர்ணயிக்கும் ரெசிஸ்டரை மாற்றும் வேலை பரவியது. அதே ஆண்டு பிட்மெயின் நிறுவனம், தன் பழைய ஆன்ட்மைனர் எஸ்1 பெட்டியை வைத்திருந்தவர்களுக்கு எஸ்3 ஹேஷ் போர்டுகளைக் கிட்டாக விற்றது. 180 கிகாஹேஷ் தந்த பெட்டி ஏறக்குறைய அதே மின்சாரத்தில் 440 கிகாஹேஷ் தந்தது. கண்டிப்பாகச் சொன்னால் அது ஓவர்கிளாக் அன்று, சிப்பையே மாற்றும் ஏற்பாடு. வாங்கியவருக்கு உண்மையாகவே பயன் தந்த கிட்களில் அதுவும் ஒன்று.

எத்தீரியம் மைனிங் ஓடிய காலத்தில் வேலை கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு மாறியது. அங்கே வேகத்தைத் தீர்மானித்தது மெமரி என்பதால், ரேடியான் கார்டுகளின் பயாஸில் மெமரி நேர அளவுகளைத் திருத்துவதும், என்விடியாவின் 3080, 3090 கார்டுகளில் மெமரிச் சூட்டைக் குறைக்கத் தெர்மல் பேட் மாற்றுவதும் வழக்கமாயின. 2021 பிப்ரவரியில் என்விடியா, ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் மைனிங் வேகத்தைப் பாதியாக்கும் பூட்டைப் போட்டது. அடுத்த மாதமே அந்நிறுவனம் தவறுதலாக வெளியிட்ட ஒரு டிரைவர் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட, கார்டு கிட்களின் சந்தை முடிந்தது.

வேலை செய்யும் முறை

சிப் எடுக்கும் மின்சாரம் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடியோடும் ஏறும். ஹேஷ் எண்ணிக்கை அதிர்வெண்ணோடு மட்டும் ஏறும். ஓவர்கிளாக்கின் நன்மை தீமை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. அதிர்வெண்ணை 10 சதவீதம் உயர்த்த வோல்டேஜை 5 சதவீதம் உயர்த்த நேர்ந்தால், ஹேஷ் 10 சதவீதம் கூடும், மின்சாரம் 21 சதவீதம் கூடும். எதிர்த் திசையில் போய், அதிர்வெண்ணை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் இறக்கினால் மின்சாரம் 35 சதவீதம் குறையும், ஹேஷ் 20 சதவீதம்தான் குறையும்.

மைனிங் சிப் சாதாரணக் கணினியைவிட ஓவர்கிளாக்கைப் பொறுத்துக்கொள்ளும். கணினியில் ஒரு கணக்குத் தப்பினால் திரை உறைந்துவிடும். மைனரில் ஒரு ஹேஷ் தப்பினால் கோடானுகோடி முயற்சிகளில் ஒன்று வீணாகும், அவ்வளவே. ஏமாற்றத்துக்கும் இதுவே இடம் தருகிறது. எந்திரத்தின் திரை காட்டும் வேகம் ஏறிக்கொண்டே போகலாம், அதில் கணிசமான பகுதி தப்புக் கணக்காக இருக்கலாம். மைனர்கள் கூட்டாகச் சேர்ந்து ஓட்டும் பூல் ஏற்றுக்கொண்ட பங்குகளின் எண்ணிக்கைதான் உண்மை வேகம். விற்பவர் திரையின் படத்தைக் காட்டினால், பூலின் 24 மணி நேரச் சராசரியைக் கேட்க வேண்டும். சுவர்ச் சாக்கெட்டில் மீட்டர் வைத்து அளந்த வாட் கணக்கும் கூடவே வேண்டும். இவை இரண்டும் இல்லாத கிட்டை வாங்காமல் இருப்பதே நல்லது.

2016-ல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9 இதற்கு நல்ல பாடம். மூன்று போர்டுகள், போர்டுக்கு 63 சிப், மூன்று மூன்றாக 21 தொகுதிகள் தொடர் இணைப்பில். கட்டளை ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்குக் கைமாறிப் போகும். நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ஒரே அச்சில் வார்த்த சிப்களும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. போர்டு முழுவதையும் ஒரே அதிர்வெண்ணில் ஏற்றினால், 63-ல் மிகவும் சோனியான சிப் முதலில் தடுமாறும். பிரெயின்ஸ் போன்ற நிறுவனங்களின் ஃபர்ம்வேர் ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியே சோதித்து அதனதன் வலுவுக்கு ஏற்ற வேகத்தை வைக்கிறது. மென்பொருள் கிட் என்று விற்கப்படுபவற்றில் உருப்படியான வேலை இதுதான்.

ஆபத்தும் அங்கேதான். 2019 ஜனவரியில் சீனாவில் ஆன்ட்மைனர்களைப் பிடித்த ஹான்ட் என்ற பணயத் தீநிரல், ஓவர்கிளாக் தருவதாகச் சொன்ன திருத்திய ஃபர்ம்வேர்களில் ஒளிந்து பரவியதாகச் செய்திகள் வந்தன. 10 பிட்காயின் கொடு, இல்லையேல் இன்னும் 1,000 எந்திரங்களுக்குப் பரப்பு, மறுத்தால் விசிறியை நிறுத்திக் கருவியை எரித்துவிடுவேன் என்று அது திரையில் மிரட்டியது.

கிட்டின் உள்ளே

இன்று சில்லறையில் கிடைக்கும் கிட்களில் பெரும்பகுதி பிட்ஆக்ஸ் என்ற திறந்த வடிவமைப்புக் கருவிக்கானது. பிட்மெயினின் எஸ்21 புரோ எந்திரத்தில் உள்ள பி.எம்.1370 சிப் ஒன்றே ஒன்றை உள்ளங்கையளவுப் பலகையில் வைத்தால் அதுதான் பிட்ஆக்ஸ் காமா. 525 மெகாஹெர்ட்ஸ், 1.15 வோல்ட் என்பது அதன் இயல்பு நிலை. அதில் 1.07 டெராஹேஷ் கிடைக்கும், 600 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 1.22. இதற்கு வேண்டியவை உயரமான ஹீட் சிங்க், நல்ல விசிறி, வோல்டேஜ் சீராக்கி மேல் ஒட்டும் சிறு ஹீட் சிங்க், 5 வோல்ட் பவர் சப்ளை. சீராக்கியின் சூட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், சிப்பைவிட முன்னால் போவது பெரும்பாலும் அதுதான். இன்னொரு எச்சரிக்கை: வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரின் பின்னும் காமாவின் துளையில் கச்சிதமாக நுழையும். நுழைத்தால் பலகை அந்த நிமிடமே போய்விடும்.

பெரிய எந்திரங்களுக்கான கிட்களில் விசிறிப் போலி என்று ஒரு சிறு பலகை வருகிறது. எந்திரத்தைக் காப்பு எண்ணெயில் முக்கி ஓட்டும்போது விசிறிகள் தேவையில்லை. ஆனால் விசிறி சுழலும் துடிப்பு வரவில்லை என்றால் கன்ட்ரோல் போர்டு எந்திரத்தை நிறுத்திவிடும். அந்தத் துடிப்பைப் பொய்யாக அனுப்புவது இந்தப் பலகையின் வேலை. எண்ணெய்த் தொட்டியில் இதற்கு நியாயம் உண்டு. காற்றில் ஓடும் எந்திரத்தில், கெட்டுப்போன விசிறியை மறைக்க இதைச் செருகுவது தீயை வரவழைப்பதற்குச் சமம்.

பென்னலூர் வட்டாரத்தில்

இந்தப் பகுதி மின்னணுத் தொழிலுக்குப் புதிதன்று. நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. ஃபாக்ஸ்கான், சாம்சங், ஃபிளெக்ஸ் ஆகியவற்றின் ஆலைகள் தொடர்கின்றன. பென்னலூரிலேயே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இருக்கிறது. எஸ்.எம்.டி. லைனில் சால்டர் பேஸ்ட் ஸ்டென்சிலைப் பிடித்தவர்களுக்கும், ஹாட் ஏர் வைத்து ரீவொர்க் செய்து பழகியவர்களுக்கும் ஹேஷ் போர்டில் சிப் மாற்றுவது புரியாத வேலை அன்று. கிட்டைப் பிரித்து மாட்டத் தேவையான கைத்திறன் இங்கே நிறையவே உண்டு.

வெயில்தான் ஒத்துழைப்பதில்லை. எஸ்9 உள்ளிழுக்கும் காற்று 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதி. கத்திரி வெயிலில் இப்பகுதியின் வெளிக்காற்றே அந்த எல்லையைத் தொடும். கடலிலிருந்து தள்ளி இருப்பதால் கடற்காற்றும் சென்னை நகரத்தைவிடத் தாமதமாக வந்து சேரும். தகரக் கூரைக் கொட்டகைக்குள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி ஏறுவதற்குப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. சிப்புக்குள் உலோகத் தடங்கள் அரிக்கப்படும் வேகமும் சூட்டோடு கூடும். ஜனவரி இரவில் சோதித்து வைத்த அதிர்வெண் மே மாதப் பகலில் நிற்காது. குளிர்நாட்டில் சோதித்த கிட்டின் அட்டையில் அச்சிட்ட வேகத்தை இங்கே எதிர்பார்க்கவே கூடாது.

அடுத்தது மின்கட்டணம். எஸ்9 ஒன்று 1,320 வாட்டில் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 1,900 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் 2024-ல் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது. 2024 ஜூலைக் கட்டண ஆணைப்படி 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட் 11 ரூபாய் 80 காசு. மேலே சொன்ன 10 சதவீத ஓவர்கிளாக் செய்தால் 400 யூனிட் கூடும், பில்லில் 4,700 ரூபாய்க்கு மேல் ஏறும். அதற்குக் கூடுதலாகக் கிடைப்பது 1.35 டெராஹேஷ். 2025-ல் பிட்காயின் வலையமைப்பின் மொத்த வேகம் நூறு கோடி டெராஹேஷைத் தொட்டது. பிளாக்குக்கான பரிசு பாதியாக்கப்பட்ட 2024 ஏப்ரலுக்குப் பின் நாளொன்றுக்கு வெளியாகும் புது நாணயம் 450. இரண்டு மாதத்தில் அந்தக் கூடுதல் வேகத்தின் பங்கு 0.000036 பிட்காயின். ஒரு பிட்காயினுக்குக் கோடி ரூபாய் வைத்தாலும் 365 ரூபாய். அந்தக் கிட்டை இலவசமாகக் கொடுத்தாலும் நஷ்டம். 200 டெராஹேஷ் தரும் எஸ்21 எந்திரத்தை அதன் இயல்பு வேகத்தில் இதே கட்டணத்தில் ஓட்டினாலும், 54,000 ரூபாய் வரவுக்குச் சுமார் 59,000 ரூபாய் மின்செலவு ஆகும். தவிர, வீட்டு இணைப்பை வருமானத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் விதிக்க இடமுண்டு.

வரி

கிட் விற்பவரின் வருமானம் மற்ற உதிரி வணிகம் போலவே கணக்கிடப்படும், செலவைக் கழித்துக்கொள்ளலாம். வாங்கி ஓட்டுபவரின் நிலை வேறு. 2022 ஏப்ரல் 1 முதல் மெய்நிகர்ச் சொத்துகளை விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி, வாங்கிய விலையைத் தவிர எதையும் கழிக்க முடியாது. மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையில் சேராது என்று நிதித்துறை 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை முதல் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தமும் உண்டு. எந்திரமும் கிட்டும் மின்சாரமும் சேர்ந்து நஷ்டத்தில் போனாலும், கையில் வந்த நாணயத்தை விற்றால் வரி கட்டியே ஆக வேண்டும். இந்த விதி சிறு ஆட்களை மிகவும் அழுத்துகிறது. கிட் விற்பவர் இதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கீழிறக்கும் பயன்பாடு

அதே ஹீட் சிங்க், அதே விசிறி, அதே சிப்வாரி ஃபர்ம்வேர் ஆகியவற்றை வேகத்தை இறக்கவும் பயன்படுத்தலாம். எஸ்9-ஐ 1,320 வாட்டிலிருந்து சுமார் 855 வாட்டுக்கு இறக்கினால் ஒரு டெராஹேஷுக்கு 98 வாட் என்பது 79 ஆகும். இங்குள்ள வீட்டுக் கட்டணத்தில் அதுவும் லாபம் தராது. ஆனால் கூரைச் சூரியத் தகடுகளில் பகலில் மிஞ்சும் மின்சாரத்தை வைத்துப் படிக்கும் மாணவருக்கு, சத்தமும் சூடும் குறைந்த எந்திரம் சோதனை மேசையில் வைக்கக்கூடியதாகிறது. பிட்ஆக்ஸைத் தனியாக ஓட்டி ஒரு முழுப் பிளாக்கைப் பிடிக்க, நூறு கோடி டெராஹேஷ் வலையமைப்பில் சராசரியாக 17,800 ஆண்டுகள் ஆகும். 600 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 15,600 ஆண்டுகள். அந்தப் பலகையில் வோல்டேஜை 10 மில்லிவோல்ட் 10 மில்லிவோல்ட்டாக நகர்த்தி, வாட்டும் சூடும் பிழை விகிதமும் எப்படி மாறுகின்றன என்று நோட்டில் குறித்துக்கொண்டு போகும் மாணவர், சிப்பின் மின்செலவுச் சமன்பாட்டைத் தன் கையாலேயே வரைந்துவிடுவார்.