'கம்ஃபர்ட்' என்னும் சொல்லும் தாம்பரம் சானடோரியமும்

சென்ற பருவத்தில் மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில், 'கம்ஃபர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டேன். 'வசதி' என்றார் ஒருவர். 'சொகுசு' என்றார் இன்னொருவர். துணி துவைத்தபின் ஊற்றும் நீலத் திரவம் என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழ, வகுப்பே சிரித்தது. மாலையில் மின்சார ரயிலில் திரும்புகையில், தாம்பரம் சானடோரியம் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தபோதுதான் எனக்கு விடை தட்டுப்பட்டது.

அச்சொல்லுக்குள் ஒரு கோட்டை இருக்கிறது. 'ஃபோர்ட்டிஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு வலிய என்பது பொருள். நம் ஜார்ஜ் கோட்டையின் 'ஃபோர்ட்'டும் அதன் வழிவந்ததே. எனவே 'கம்ஃபர்ட்' என்பதன் முதற்பொருள் வலுவூட்டுதல். 1066-ஆம் ஆண்டுப் போரைச் சித்திரிக்கும் பேயோ தையல்திரையில், ஓடோ என்ற ஆயர் கையில் தடியுடன் இளம் வீரர்களைக் 'கம்ஃபர்ட்' செய்வதாக இலத்தீனில் எழுதியிருக்கிறது. அவர் தலையணை கொடுக்கவில்லை என்பது படத்தைப் பார்த்தாலே விளங்கும்! அரசனின் பகைவருக்குக் 'கம்ஃபர்ட்' அளிப்பதை இராசத்துரோகம் என்றது 1351-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம். அங்கும் பொருள் ஆதரவும் பலமுமே. மெத்தையும் சாய்வு நாற்காலியும் அச்சொல்லுக்குள் குடிபுகுந்தது வெகுகாலம் கழித்து. 'குளிர்ந்த கம்ஃபர்ட்' என்றால் ஒன்றுக்கும் உதவாத ஆறுதல் என்ற மரபுத்தொடரும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை பெண்களை அடிமைகளாக்கிய கொடுமைக்கும் இச்சொல்லே முகமூடியாயிற்று.

தமிழில் இதற்கு நிகர் 'தேற்று' என்பது என் கருத்து. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் நீர் தெளியும். இதைக் கலித்தொகைக் காலத்தவரே அறிந்திருந்தனர். இலக்கணத்தில் உறுதிப்பொருள் தரும் ஏகாரம் 'தேற்ற ஏகாரம்'. மாணவன் தேர்வில் தேறுகிறான், நோயாளியின் உடம்பு தேறுகிறது, துயருற்றவள் மனம் தேறுகிறாள். தெளிவு, உறுதி, வலிமை, ஆறுதல் ஆகிய நான்கும் ஒரே வேரில்! விவிலியத்தின் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு மரபில் வரும் 'தேற்றரவாளன்' என்ற சொல்லாட்சி இதனால்தான் எனக்கு வியப்பூட்டுகிறது. கிரேக்க மூலச்சொல்லுக்கு 'அருகில் அழைக்கப்பட்டவர்' என்று பொருள். அதைத் தழுவி 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'துணையாளர்' என்றது. அதுவும் சரியே, ஆயினும் பழைய சொல்லின் வலிமை எனக்குப் பிடிக்கும்.

இனி நிலையத்தின் பெயருக்கு வருவோம். மருத்துவர் சௌரி முத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளருக்கான சானடோரியம் நடத்தியவர். 1917-இல் கணித மேதை இராமானுஜன் சிறிது காலம் அங்கிருந்தார். திறந்த காற்றே அக்காலத்துச் சிகிச்சை. குளிரில் சன்னல்களைத் திறந்துவைத்துப் படுத்திருப்பதை எவரும் சொகுசு என்னமாட்டார். உடம்பை உரமேற்றும் முயற்சி அது. அவரே 1928-இல் தாம்பரத்தில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை. ஆனால் ஊர்வாயில் இன்னமும் 'சானடோரியம்'தான்.

காற்றும் ஓய்வும் ஊட்டமும் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையை அசைத்ததும் சென்னையே. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், தன் முடிவுகளை 1959-இல் வெளியிட்டது. ஐசோநயாசிட், பாஸ் ஆகிய மருந்துகளை ஓராண்டு ஒழுங்காக உட்கொண்டால், நெருக்கடியான வீட்டில், குறைந்த உணவோடு இருந்த ஏழையும் சானடோரியத்தில் படுத்திருந்தவர் போலவே தேறினார். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலக நாடுகள் வீட்டிலேயே சிகிச்சை தரும் முறைக்குத் திரும்பியதில் இவ்வாய்வுக்குப் பெரும்பங்குண்டு.

என் பாட்டியின் தம்பி அதற்கு முந்தைய தலைமுறை நோயாளி. மாதக்கணக்கில் தாம்பரத்தில் தனியே கிடந்தார். பார்க்கப்போகவே உறவினர் அஞ்சினர். மாதம் ஒருமுறை அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை மட்டும் வரும். அதில் 'தேறி வருகிறேன்' என்பதற்குமேல் அதிகம் இராதாம். உடம்பைச் சொல்கிறானா மனத்தைச் சொல்கிறானா என்று தெரியாமலேயே அதை மடியில் முடிந்துகொள்வேன் என்பார் பாட்டி.