செந்தூல் இரயில்வே பட்டறையும் அது வளர்த்த ஊரும்

கோலாலம்பூரை 1881ஆம் ஆண்டு தீயும் வெள்ளமும் அழித்தபின், அத்தாப்புக்குப் பதில் செங்கல்லால் வீடு கட்டுமாறு அரசு வற்புறுத்தியது. அச்செங்கற்களுக்கான சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் இரயில் புக்கிட் கூடா வரை ஓடியது. 1890இல் பாலம் அமைந்து கிள்ளானை எட்டியது. சூளை மண்ணில் இரயில்வே குடும்பங்கள் குடியேறின.

1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே ஒன்றாக்கப்பட்டது. அதன் மத்திய பட்டறையே செந்தூலை ஊராக்கியது எனலாம். நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் கூடம், இரும்பு வார்க்கும் கூடம், பயணிகள் பெட்டிகளுக்கு மரம் இழைக்கும் தச்சுக்கூடம் எனப் பல பகுதிகள் அதனுள் இருந்தன. எழுத்தர் மேசைகளில் யாழ்ப்பாணத் தமிழர் மிகுந்தனர். தமிழகத்தார் சம்மட்டி பிடித்தனர். கூலியும் குடியிருப்பும் ஒரே முதலாளியிடமிருந்தே வந்தன. வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைக்க வேண்டும். அரசு ஊழியனான எனக்கு அவ்விதியின் கடுமை நன்கு விளங்கும். முப்பதாண்டு உழைத்தவருக்கும் சொந்தமென ஒரு திண்ணை இல்லை.

ஜப்பானியர் ஆட்சியில், 1945இல் நேச நாட்டு விமானங்கள் இப்பட்டறையைக் குண்டு வீசித் தாக்கின. போருக்குப்பின் மீண்டும் இயங்கிய அதன் பணிகள், 2010ஐ ஒட்டிப் பத்து காஜாவுக்கு மாறின. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது, அடுத்த பத்தாண்டில் 'நூறு குவாட்டர்ஸ்' வரிசை வீடுகளும் இடிக்கப்பட்டன.

இலங்கைச் சைவர்கள் 1902இல் நிறுவிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. பழைய குடியிருப்பின் பிள்ளைகள் இன்று சுபாங், கிள்ளான், ஷா ஆலம் எனச் சிதறி வாழ்கின்றனர். திருவிழாவன்றுதான் ஒருவரையொருவர் வீட்டு எண்ணைச் சொல்லி அடையாளம் கேட்கின்றனர்.